லாரிக்குப் பின்புறக் கேமரா: 24 வோல்ட் வண்டியில் எதைப் பொருத்துவது, எங்கே பொருத்துவது

கேள்வி இதுதான். நாமக்கல் பக்கத்தில் அப்பா 12 சக்கர லாரி ஓட்டுகிறார். 2022இல் வாங்கிய பி.எஸ்.6 வண்டி, திறந்த பாடி. மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு கோழித்தீவன ஆலைகளுக்குப் போய் வருகிறார். ஒன்றரை வருடமாகக் கிளீனர் கிடையாது. ஆலை வளாகத்துக்குள் இரவில் வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு மனம் பதறுகிறது என்கிறார். கார் உதிரிபாகக் கடையில் வயர் இல்லாத கேமரா ஒன்றைக் காட்டினார்கள். அதை வாங்கலாமா, எங்கே பொருத்துவது, கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

தம்பி, அந்தக் கேமராவை வாங்க வேண்டாம். அது காருக்கானது, 12 வோல்ட்டுக்கும் நான்கு மீட்டர் நீளத்துக்கும் செய்யப்பட்டது. உங்கள் அப்பாவின் வண்டிக்கு வேண்டியது வேறு. 24 வோல்ட்டை நேரடியாகத் தாங்கும் 7 அங்குலத் திரை, வயர் வழியாகப் படம் அனுப்பும் ஏ.எச்.டி. கேமரா, திருகி இறுக்கும் நான்கு முள் இணைப்புள்ள 15 அல்லது 20 மீட்டர் கேபிள், இவ்வளவுதான். கேமராவின் உடல் உலோகமாகவும் முன்பக்கம் கண்ணாடியாகவும் இருக்கட்டும். 720 வரிப் படமே போதும். 1080 கிடைத்தால் நல்லது, அதற்காகத் தேடி அலைய வேண்டாம். கேமராவும் திரையும் ஒரே பெட்டியில் வருவதாகப் பார்த்து வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் ஒன்று நொடிக்கு 25 படமும் மற்றொன்று 30 படமும் எதிர்பார்த்து, படமே வராமல் போவது உண்டு. மொத்தச் செலவு உங்கள் லாரியின் ஒரு புது டயர் விலைக்குள் முடிந்துவிடும்.

இதோடு பதிலை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. 26 ஆண்டுகளாக லாரிகளுக்கு வயரிங் வேலை செய்கிறேன். நல்ல கேமராவை மோசமாகப் பொருத்தி, அது இல்லாமலே இருந்திருக்கலாம் என்ற நிலைக்கு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்று என் பட்டறையிலிருந்து போன வண்டி.

அந்த வண்டியில் பழைய கேமராவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. புதியதை மாட்டி, படம் வருகிறதா என்று பார்த்தோம். தெளிவாக வந்தது. அனுப்பிவிட்டோம். எந்தப் பக்கம் எந்தப் பக்கமாக வருகிறது என்று பார்க்கவில்லை. புதிய கேமரா முன்புறம் மாட்டுவதற்கான அமைப்பில் இருந்தது. அதனால் கிளீனர் பக்கம் இருப்பது திரையில் டிரைவர் பக்கமாகத் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு கிடங்கில், திரையில் வலப்புறம் ஆள் நிற்பதைப் பார்த்த டிரைவர், அவரை விட்டு விலக வண்டியின் பின்பகுதியை இடப்புறம் திருப்பியிருக்கிறார். ஆள் நின்றதே இடப்புறத்தில்தான். பக்கத்தில் இருந்த லோடுமேன்கள் பாடியைப் படபடவென்று தட்டியதால் வண்டி நின்றது. அந்த மனிதர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். இடைவெளி ஒரு முழம்கூட இல்லை என்று டிரைவர் என்னிடம் வந்து சொன்னபோது அவர் கை நடுங்கியது. என் கையும்தான்.

அன்றிலிருந்து கேமரா கேட்டு வருகிற எல்லோரிடமும் ஒன்றைச் சொல்கிறேன். தவறான படம் காட்டும் கேமராவைவிடக் கேமரா இல்லாத லாரி மேல். கேமரா இல்லையென்றால் டிரைவர் இறங்கிப் போய்ப் பார்ப்பார். இருந்தால் நம்பிவிடுவார். ஆகவே இந்த வேலையில் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும், இது கெட்டுப்போனால் அப்பாவுக்கு உடனே தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வயர் இல்லாத கேமரா வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் காரணம் அதுதான். பின்னால் இருக்கும் கேமராவுக்கும் கேபினில் இருக்கும் திரைக்கும் நடுவே பத்து மீட்டருக்கு மேல் இரும்பும் சரக்கும் நிற்கின்றன. அலைவரிசை திணறும்போது சில திரைகள் கடைசியாக வந்த படத்தையே பிடித்து வைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு வினாடிக்கு முன் காலியாக இருந்த இடத்தை அப்பா இப்போதும் காலி என்று நினைப்பார். வயர் வழியாக வரும் ஏ.எச்.டி. படம் கெட்டால் கோடு கோடாக ஓடும், அல்லது திரை கறுத்துவிடும். கெட்டது கண்ணுக்குத் தெரிகிறது. அப்பா பிரேக்கை மிதித்துவிட்டு இறங்குவார். வயர் இழுக்க அரை நாள் அதிகமாகும், ஆகட்டும்.

தண்ணீர்த் தாங்கும் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் ஐ.பி.67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே புகாது என்று பொருள். லாரிக்கு அது போதாது. நம் ஆட்கள் சர்வீஸ் நிலையத்தில் மோட்டார் வைத்து அடிக்கிற அடியை அந்தச் சோதனை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஐ.பி.69கே என்பது பக்கத்தில் வைத்து, 80 டிகிரி வெந்நீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சிச் சோதிக்கும் தரம். அதைக் கேட்டு வாங்குங்கள். அப்படியே வாங்கினாலும், கழுவும் ஆளிடம் கேமரா மேல் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி இடம். இதில்தான் நிதானம் வேண்டும்.

அமெரிக்காவில் 2018 மே 1 முதல் எல்லாப் புதிய கார்களிலும் சிறிய வண்டிகளிலும் பின்புறக் கேமரா கட்டாயம். தந்தை காரைப் பின்னால் எடுத்தபோது அடிபட்டு இறந்த கேமரன் கல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தையின் பெயரில் 2008இல் வந்த சட்டம் அதற்கு அடிப்படை. அந்தக் கட்டாயம் சுமார் 4,500 கிலோ வரையுள்ள வண்டிகளுக்கு மட்டுமே. பெரிய லாரி அதற்குள் வராது. ஆனாலும் அந்த விதியில் இருக்கும் அளவுகளை நான் லாரிக்கு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவை ஒரு குழந்தையை மனத்தில் வைத்துப் போட்ட அளவுகள். வண்டிக்குப் பின்னால் 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம் திரையில் தெரிய வேண்டும். ரிவர்ஸ் எடுக்கத் தொடங்கிய 2 வினாடிக்குள் படம் வந்துவிட வேண்டும். சோதிப்பதற்கு வைக்கும் உருளையின் உயரம் 80 சென்டிமீட்டர். ஒன்றரை வயதுக் குழந்தையின் உயரம் அது.

இந்த 6 மீட்டரை உங்கள் வண்டியில் எப்படிப் பிடிப்பது? 120 டிகிரி என்று பெட்டியில் போட்டிருப்பது மூலைக்கு மூலை அளவு; மேலிருந்து கீழாக ஏறக்குறைய 70 டிகிரிதான் கிடைக்கும். கேமரா 2.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, படத்தின் கீழ்விளிம்பு நேர் செங்குத்தாகத் தரையைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வண்டியின் விளிம்பிலிருந்து சரியாக 6 மீட்டர் தரை தெரியும். அதே கேமராவை 3 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் 8 மீட்டர் தெரியும். 1.1 மீட்டருக்கு இறக்கினால் 3 மீட்டர்தான். ஆகவே உயரம் நல்லது. கண்டெய்னர் லாரி என்றால் யோசிக்கவே வேண்டாம்; பின் கதவுக்கு மேலே, அசையாத சட்டத்தின் நடுவில், கீழ்நோக்கி வைத்துவிடலாம். கீழ்விளிம்பில் பின்புற பம்பர் கம்பி கொஞ்சம் தெரிய வேண்டும். வண்டி எங்கே முடிகிறது என்று படத்திலேயே தெரிந்தால்தான் இடைவெளியைக் கண் அளக்கும்.

ஆனால் உங்களுடையது திறந்த பாடி. மக்காச்சோளம் ஏற்றிய நாளில் தார்ப்பாய் போடுவீர்கள். பின்பக்கம் தார்ப்பாய் எவ்வளவு தூரம் தொங்குகிறது, கயிறு எந்தக் கொக்கியில் கட்டப்படுகிறது என்று இதுவரை கவனித்திருக்க மாட்டீர்கள். கவனியுங்கள். நிறையப் பேர் காலி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, மேலே அழகாகக் கேமரா வைத்துக்கொண்டு போவார்கள். லோடு ஏற்றி, தார்ப்பாயை இழுத்துக் கட்டியதும் கேமரா அதற்குள் போய்விடும். வண்டி கனமாக, நிறுத்தக் கடினமாக, பின்னால் ஆட்கள் சூழ்ந்திருக்கும் நாளில் திரையில் நீலத் தார்ப்பாய் மட்டும் தெரியும்.

கதவின் மேலும் வைக்கக் கூடாது. திறக்கும்போதெல்லாம் வயர் மடங்கும். ஒரு நாள் உள்ளே செம்பு அறும். வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். தவிர, கதவு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கேமரா வேறு எங்கோ பார்க்கும்.

திறந்த பாடிக்கு நான் இரண்டு விதமாகவும் செய்து பார்த்துவிட்டேன். இப்போது கீழேதான் வைக்கிறேன். கதவுக்கு அடியில், தளம் முடிகிற இடத்தில் குறுக்கே போகும் கனமான சட்டம் இருக்கிறதே, அதன் நடுவில், சட்டத்துக்கு வெளியே துருத்தாமல் ஒரு இரும்புக் கூடு செய்து அதற்குள் வைப்பேன். உயரம் 1.1 அல்லது 1.2 மீட்டர் வரும். அங்கே செங்குத்தாகக் கீழே பார்க்க வைத்தால் 3 மீட்டரோடு நின்றுவிடும் என்பதால், கொஞ்சம் நிமிர்த்தி வைக்க வேண்டும். படத்தின் மேல்விளிம்பில் எதிர்ச் சுவரின் அடிப்பகுதி தெரியும் அளவுக்கு நிமிர்த்தினால், வண்டியை ஒட்டி ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தரை மறையும். 10 மீட்டருக்கு மேல் தெரியும். அந்த 30 சென்டிமீட்டரில் தரை மட்டும்தான் மறைகிறது. அங்கே நிற்கிற ஆள், குனிந்திருக்கும் ஆள் திரையில் வந்துவிடுவார். மூன்று மீட்டர் உயரத்தில் இதே மாதிரி நிமிர்த்தியிருந்தால் 80 சென்டிமீட்டர் மறைந்திருக்கும். கயிறு எடுக்க உட்கார்ந்த ஒரு லோடுமேனை மறைக்க அது போதும். அதனால் மேலே வைத்தால் படத்தின் கீழ்விளிம்பு செங்குத்தாக, கீழே வைத்தால் கொஞ்சம் நிமிர்த்தி. இரண்டையும் மாற்றிச் செய்துவிடாதீர்கள்.

கீழே வைப்பதில் உள்ள குறை சேறும் தூசியும். மக்காச்சோளத் தூசி மீது மார்கழிப் பனி இறங்கினால் கண்ணாடியில் பசை போல ஒட்டிக்கொள்ளும். டயரைத் தட்டிப் பார்க்கும்போதே ஈரத் துணியால் ஒரு துடை துடைக்கப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். வறண்ட துணி வேண்டாம். தூசியே கண்ணாடியைக் கீறும். கூடு அமைக்கும்போது நம்பர் பிளேட், பின் விளக்கு, சிவப்பு ஒளிரும் பட்டை எதையும் அது மறைக்கக் கூடாது. எஃப்.சி.க்குப் போகும்போது தலைவலி வேண்டாம்.

அடுத்து மின்சாரம். இங்கே நடக்கும் ஒரு தவறைக் கண்ணால் பார்த்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. 12 வோல்ட் சாமான் ஒன்று வாங்கிவிட்டால், இரண்டு பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் இணைப்பில் ஒரு வயரைச் செருகி 12 வோல்ட் எடுத்துவிடுவார்கள். பாட்டுப் பெட்டிக்கும் போன் சார்ஜருக்கும் இப்படித்தான் எடுத்திருப்பார்கள். உங்கள் வண்டியிலும் இருக்கிறதா பாருங்கள். திரையும் கேமராவும் சேர்ந்து அரை ஆம்பியர் இழுத்தால், பத்து மணி நேரத்தில் ஒரே பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர்-மணி போய்விடுகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒன்றாக நினைத்து 28 வோல்ட் அனுப்புகிறது. இளைத்த பேட்டரி நிறைவதே இல்லை. மற்றொன்று அளவுக்கு மேல் ஏறித் தண்ணீர் வற்றுகிறது. ஒரு வருடத்தில் இரண்டும் போகும், பேட்டரிக்காரரோடு சண்டை நடக்கும். 24 வோல்ட்டை நேரடியாகத் தாங்கும் திரையை வாங்கச் சொன்னது இதனால்தான். திரையின் பின்புறம் 10 முதல் 32 வோல்ட் வரை என்பது போல அச்சிட்டிருக்கும். கேமராவுக்கு வேண்டிய 12 வோல்ட்டைத் திரையே கேபிள் வழியாக அனுப்பிவிடும். கையில் ஏற்கெனவே 12 வோல்ட் திரைதான் இருக்கிறது என்றால், 24இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போடுங்கள். நடு இணைப்பைத் தொட வேண்டாம்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனை தளர்ந்து விலகினால், ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு கணம் நூறு வோல்ட்டையும் தாண்டி வீச்சு வரும். மலிவான திரைகள் அதில்தான் சாகின்றன. கேமரா பொருத்தும் நாளில் பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து, இறுக்கி, வாசலின் தடவிவிடுங்கள்.

திரைக்கு மூன்று வயர்கள் வரும். ஒன்று சாவி போட்டதும் உயிர் வருகிற லைனுக்கு, 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக. ஃபியூஸ் கரண்ட் எடுக்கும் இடத்தை ஒட்டி இருக்க வேண்டும். திரைக்குப் பக்கத்தில் போட்டால், நடுவில் வயர் உரசித் தீப்பிடிப்பதை அது தடுக்காது. இரண்டாவது எர்த். கேபினுக்குள் இருக்கும் தொழிற்சாலை எர்த் புள்ளியிலேயே கொடுங்கள். கேமராவின் மின் எர்த்தைப் பின்னால் சேசிஸில் தனியாகக் கொடுக்கக் கூடாது. இரண்டு இடத்தில் எர்த் ஆனால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு உருளும். மூன்றாவது, ரிவர்ஸ் கியர் போட்டதும் திரைக்குச் சமிக்ஞை தரும் வயர். இது ரிவர்ஸ் விளக்கின் லைனிலிருந்து வர வேண்டும். மிகக் குறைந்த கரண்ட்தான் எடுக்கும். சிலர் திரைக்கான முழு மின்சாரத்தையும் ரிவர்ஸ் விளக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். வேலை சுலபம். ஆனால் ஒவ்வொரு முறையும் திரை புதிதாக உயிர் பெற்று எழ மூன்று, நான்கு வினாடி ஆகும். அதற்குள் வண்டி நகர்ந்துவிடும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் போகும் வண்டி ஒரு வினாடியில் 1.4 மீட்டர் போகிறது.

பி.எஸ்.6 வண்டி என்பதால் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. வயரை நடுவில் கடித்துப் பிடிக்கும் கிளிப்பைப் போட வேண்டாம். மழைக்காலம் இரண்டு போனால் அந்த இடம் பச்சை பூத்துவிடும். ரிவர்ஸ் விளக்கும் போகும், கேமராவும் போகும். கண்டபடி வயரைச் சீவிச் சோதிப்பதும் வேண்டாம். எந்த வயர் எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. வண்டி வாங்கிய நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் கேட்டால், கூடுதல் சாதனங்களுக்கு எங்கே எடுக்கலாம் என்று காட்டுவார்கள். வாரண்டி பற்றிய பேச்சும் அதோடு தீரும்.

கேபிள் போகிற பாதைக்கு வருவோம். நம் நாட்டில் ஒரே சட்டத்தில் அமைந்த லாரியின் நீளம் 12 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. டேஷ்போர்டிலிருந்து இறங்கி, சேசிஸில் ஓடி, பின்னால் வளைந்து ஏறுவதற்கு 15 மீட்டர் சரியாக இருக்கும். 20 எடுத்தால் நிம்மதி. மிஞ்சியதை வெட்டி ஒட்டாதீர்கள். தட்டையாக மடித்துக் கேபினுக்குள்ளேயே கட்டிவிடலாம்.

முதலில் உங்கள் கேபின் முன்னால் சாய்கிறது என்பதை மறக்கக் கூடாது. கேபினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டினால், அடுத்த முறை எஞ்சின் பார்க்கக் கேபினைச் சாய்க்கும்போது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தொழிற்சாலையிலிருந்து வந்த வயர்க் கற்றை கீல் அருகே எப்படி வளைந்து தொங்குகிறது என்று பாருங்கள்; அதோடு சேர்ந்து அதே வளைவில் போக வேண்டும். கட்டிய பிறகு ஒரு முறை கேபினை முழுவதும் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். தளத் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் இரும்பின் விளிம்பில் கேபிளை விடக் கூடாது.

சேசிஸில் கேபிளை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கட்டு போட வேண்டும். ஏர் பைப்போடு சேர்த்துக் கட்டக் கூடாது. பிரேக்குக்கான பைப் அது, நாளை அதை மாற்றுகிறவர் உங்கள் கட்டை அறுக்கும்போது பைப்பையும் கீறிவிடலாம். சைலன்சர் பக்கம் போகவே கூடாது. பி.எஸ்.6 வண்டியில் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி பழைய சைலன்சரைவிட அதிகமாகச் சூடாகும். சுழலும் ஷாஃப்டுக்கு மேலே தொங்கவும் கூடாது. இணைப்பு முனையைச் சேசிஸ் சட்டத்தின் உட்புறக் குழியில் படுக்கப் போடாதீர்கள். தண்ணீர் தேங்குகிற இடம். கேபிள் இணைப்புக்கு முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறினால், வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். திருகை இறுக்கி, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் கழன்றுவிடும். நான் பார்த்த கேமராக் கோளாறுகளில் பெரும்பாலானவை கேமராவில் இல்லை. இந்த ஒரு முனையில் இருந்தன.

திரையை எங்கே வைப்பது என்பதில் அப்பாவின் பேச்சே முடிவு. டேஷ்போர்டின் நடுவில் சாமி படமும் பூச்சரமும் இருக்கும். அதை நகர்த்தச் சொல்லாதீர்கள். அதற்குக் கிளீனர் பக்கமாக, முன்கண்ணாடியை மறைக்காத உயரத்தில் வைத்தால் நல்லது. பின்னால் எடுக்கும்போது அப்பாவின் கண் வலப்பக்கக் கண்ணாடி, இடப்பக்கக் கண்ணாடி என்று போய் வருகிறது. அந்தப் பாதையில் திரை இருந்தால் அதற்காகத் தனியாகத் திரும்ப வேண்டியதில்லை. இரவில் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். பளிச்சென்ற திரையைப் பார்த்த கண்ணுக்கு இருட்டில் பக்கக் கண்ணாடி தெரியாது.

இரவுக்குக் கேமராவைச் சுற்றி இருக்கும் அகச்சிவப்பு விளக்குகளை நம்பி இருக்க வேண்டாம். படம் கறுப்பு வெள்ளையாகும், தூரம் குறையும், சிலந்தி ஒரு நூல் கட்டியிருந்தாலும் அது மட்டும் திரை முழுவதும் மின்னும். இரும்புக் கூட்டின் விளிம்பு கேமராவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒளி விளிம்பில் பட்டுத் திரும்பிப் படத்தில் பனிமூட்டம் போல் பரவும். பின்னால் இரண்டு எல்.இ.டி. வேலை விளக்குகள் போட்டு, ரிவர்ஸ் கியரோடு எரிய விடுங்கள். இவற்றுக்கு ரிலே கட்டாயம்; சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. ரிவர்ஸ் விளக்கு லைன் 86ஆம் முனைக்குச் சமிக்ஞை மட்டும் தரட்டும், 85ஆம் முனை எர்த்துக்குப் போகட்டும். விளக்குக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30ஆம் முனைக்கு வந்து 87இலிருந்து போகட்டும். ரிலே 24 வோல்ட்டுக்கானதுதானா என்று மூடியில் பாருங்கள். விளக்கு இருந்தால் அப்பாவுக்குத் தெரிவது மட்டுமல்லாமல், பின்னால் இருக்கிறவருக்கும் வண்டி வருகிறது என்று தெரியும். அதே காரணத்துக்காக ரிவர்ஸ் பஸ்ஸர் ஒலிக்கிறதா என்று பாருங்கள். கேமரா யாரையும் எச்சரிக்காது.

எல்லாம் முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மூடி போட்ட இருபது லிட்டர் பெயின்ட் வாளிகள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறக்குறைய முக்கால் மீட்டர் உயரம் வரும். ஒரு சிறு பிள்ளையின் உயரம். அதை வண்டியின் பின் விளிம்பை ஒட்டி நடுவில் வையுங்கள், பிறகு இரண்டு மூலைகளில், பிறகு 3 மீட்டரில், 6 மீட்டரில். ஒவ்வொரு இடத்திலும் அப்பா இருக்கையில் உட்கார்ந்து, தெரிகிறதா என்று சொல்லட்டும். தெரியாத இடம் எது என்று அவருக்கு மனப்பாடமாக வேண்டும். பிறகு நீங்கள் கிளீனர் பக்க மூலையில் நின்று கையைத் தூக்குங்கள். திரையிலும் கிளீனர் பக்கமாகவே தெரிய வேண்டும். மாறித் தெரிந்தால் திரையின் அமைப்பில் மாற்றலாம், அல்லது கேமரா வயரில் அதற்கென்று இருக்கும் சிறு வளையத்தை வெட்ட வேண்டியிருக்கும். கூட வரும் தாளில் எழுதியிருக்கும். திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தூரக் கோடுகள் வந்தால் அணைத்துவிடுங்கள். அவை வேறு உயரத்துக்கு, வேறு சாய்வுக்குப் போட்டவை. அதற்குப் பதிலாகத் தரையில் 1 மீட்டர், 3 மீட்டரில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, திரையில் அவை தெரிகிற இடத்தின் ஓரத்தில் சிறு துண்டு டேப் ஒட்டுங்கள். அது உங்கள் வண்டியின் அளவு, பொய் சொல்லாது. கேமராவை யாராவது கழற்றி மாட்டினால் இந்தச் சோதனை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும்.

பாடியில் வெல்டிங் வேலை வந்தால் பேட்டரி முனைகளையும் கேமரா இணைப்பையும் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பி.எஸ்.6 வண்டியின் மற்றக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கும் அது பொருந்தும். எவற்றைக் கழற்ற வேண்டும் என்று சர்வீஸ் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வெல்டிங் எர்த் கிளிப்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள்.

கிளீனர் செய்த வேலையில் கேமரா எடுத்துக்கொள்வது ஒரு பங்குதான். அவர் இறங்கி நின்று, "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்தவர்களும் விலகினார்கள். தலைக்கு மேலே தொங்கும் கரண்ட் கம்பியையும் அவர் பார்த்தார். இது எதையும் கேமரா செய்யாது. ஆலை வளாகத்தில் காவலரோ லோடுமேனோ யாராவது ஒருவர், அப்பாவின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நிற்கட்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் வண்டி நிற்க வேண்டும், திரையில் இடம் காலியாகத் தெரிந்தாலும். ஆள் கிடைக்காத இரவில் இறங்கி ஒரு முறை சுற்றி வந்துவிட்டு, ஏறிய உடனே எடுக்கச் சொல்லுங்கள். இறங்கிப் பார்த்துவிட்டு வந்து போன் பேசி முடித்தபின் எடுத்தால், பார்த்தது பழையதாகிவிடும்.

அடுத்த லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டிய பிறகு, வண்டியின் பின்பக்கத்தை நேராக நின்று ஒரு படம் எடுங்கள். கதவைத் திறந்து வைத்து இன்னொன்று. இரண்டிலும் சட்டத்தின் ஓரமாக அளவு நாடாவைத் தரையிலிருந்து பிடித்துக் காட்டுங்கள். கூடு எந்த இடத்தில் வர வேண்டும், எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று உங்கள் பாடிக்காரரிடம் கொடுக்கும்படி அளவு குறித்துத் தருகிறேன்.